உறக்கம் வருகிறதா, தம்பி?

ராஜபாளையத்து நாயைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் வெள்ளை மேனி, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு, எஜமானனைத் தவிர வேறு யார் கையிலிருந்தும் பிஸ்கட் வாங்க யோசிக்கும் ரோஷம்! 2005-ம் ஆண்டில் தபால் இலாகா நான்கு இந்திய ஜாதி நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அந்த நால்வரில் நம் ஊர்க்காரரும் ஒருவர். அவர் படத்தின் முதுகில் முத்திரை குத்தினார்களே என்று ராஜபாளையத்தில் யாராவது கோபித்துக் கொண்டார்களோ என்னவோ!

அந்த ஊரில் ஒரு நாள் போலீஸ்காரர்கள் வந்து இறங்கி, தெருவில் நிற்கும் நாய்களையெல்லாம் சுட்டுத் தள்ளினால் எப்படி இருக்கும்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறதல்லவா? கனடா தேசத்தின் வடகோடியில், பனிப் பிரதேசத்தில், 1950-களிலிருந்து 1970-கள் வரை இதுதான் நடந்தது. அங்கே நாய் என்பது வாசலில் கட்டிப் போடும் அலங்காரம் அல்ல. பனிச் சறுக்கு வண்டியை இழுப்பது அதுதான். நாய் இல்லாவிட்டால் வேட்டை இல்லை; வேட்டை இல்லாவிட்டால் வீட்டில் உணவில்லை; உணவு கொண்டு வராத ஆண்பிள்ளைக்கு ஊரில் தலைநிமிர வழியில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அந்த மக்களே ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்து, முதியவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து, 2010-ல் அறிக்கை வெளியிட்டார்கள். 2019 ஆகஸ்டில் கனடா சர்க்கார் மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. நாய்களும் போய், வேட்டைக்காரர்களில் பலரும் போய்ச் சேர்ந்த பிறகு!

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘எஸ்கிமோ’ என்று படித்தோமே, அவர்கள்தாம் இவர்கள். அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. ‘இன்யூட்’ என்று தங்களைச் சொல்லிக் கொள்கிறார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு ‘மனிதர்கள்’ என்று அர்த்தம். வேறு விளக்கம் வேண்டுமா?

நாய்கள் மட்டும் போயிருந்தால் மனசைத் தேற்றிக் கொண்டிருப்பார்கள். வேட்டைக்கு ஏற்றபடி இடம் மாறி மாறி வாழ்ந்தவர்களை ஒரே இடத்தில் குடியமர்த்தினார்கள். குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். சொந்த பாஷையில் பேசினால் தண்டித்தார்கள். அதன் பலனை இன்றைக்கும் இளந் தலைமுறை அனுபவிக்கிறது. 2016-ல் இன்யூட் மக்களின் தேசிய அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அவர்கள் வாழும் பிரதேசங்களில் தற்கொலை விகிதம் கனடாவின் மற்ற பகுதிகளைப் போல 5 மடங்கிலிருந்து 25 மடங்கு வரை இருப்பதாகச் சொல்கிறது.

அவர்களுடைய நூனவுட் என்ற பிரதேசம் தமிழ்நாட்டைப் போலப் பதினாறு மடங்கு விஸ்தீரணம். ஜனத்தொகையோ 2021 கணக்குப்படி 36,858. ராஜபாளையம் நகரத்தில் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இருபத்தைந்து ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரோடு கிடையாது, ஆகாய விமானத்தில்தான் போக வேண்டும். மனோ வைத்தியரும் அப்படித்தான் வந்து போக வேண்டும். வந்தவரும் நாலு நாளில் திரும்பி விடுவார். அதனால் டெலிபோன், கம்ப்யூட்டர் மூலம் மனசுக்கு வைத்தியம் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள்.

நியூஸிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக் கழகத்தார் ‘ஸ்பார்க்ஸ்’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்திருந்தார்கள். விளையாடும் பிள்ளை ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ புறப்பட்டு, மனசில் வந்து மொய்க்கும் இருண்ட எண்ணங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு விரட்ட வேண்டும். 187 இளைஞர்களிடம் சோதித்துப் பார்த்ததில், நேரில் ஆலோசனை பெற்றவர்களுக்கு இருந்த குணம் இந்த விளையாட்டிலும் இருந்தது என்று 2012-ல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் எழுதினார்கள். இதைத்தான் நூனவுட்டுக்குக் கொண்டு போனார்கள். ஆனால் அப்படியே கொடுத்தால் போதவில்லை. யார் ஊர் மலை இது? யார் ஊர் மரம்? பனி எங்கே, சீல் எங்கே, பாட்டி சொன்ன கதை எங்கே? ஆகவே இன்யூட் இளைஞர்களும் முதியவர்களும் ஒரு பல்கலைக் கழகத்தாருடன் சேர்ந்து, அதைத் தங்கள் நிலத்துக்கும் தங்கள் நெறிக்கும் பொருந்த மாற்றி அமைக்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவு தூரம் வட துருவத்துக்கு உங்களை இழுத்துக் கொண்டு போனதற்குக் காரணம் இருக்கிறது.

★

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் இல்லை. அவருடைய தம்பிக்கு இருபத்திரண்டு வயது. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்டு. மூன்று மாதமாகச் சரியாக உறக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சிநேகிதர்கள் வந்தால் பின் கட்டுக்குப் போய் விடுகிறானாம். போன வாரம் அக்காளிடம், “நான் இருந்து என்ன பிரயோஜனம்?” என்று கேட்டானாம். அம்மா செய்வினை என்கிறாள். குணசீலத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். மாமா, “கால் கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். சகோதரி பத்திரிகையிலிருந்து 14416 என்ற எண்ணைக் கிழித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். கூப்பிடப் பயமாக இருக்கிறதாம். “போனில் பேசினால் மனசு தேறுமா? எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியுமா? வெளியே தெரிந்தால் நாளைக்கு அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?” என்று கேட்கிறார்.

மாமாவின் யோசனையை முதலில் ஒதுக்கி வைத்து விடுவோம். பெண் என்ன மருந்துக் குப்பியா, மூன்று வேளை கொடுத்துப் பார்க்க?

சகோதரி, தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே ஒரு வாக்கியம், அது சாதாரண அலுப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊகித்துக் கொண்டிராமல் அவனிடமே கேட்டு விடுங்கள். “செத்துப் போக வேண்டும் என்று தோன்றுகிறதா, தம்பி?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விட்டது போல ஆகுமோ என்று பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்று இந்தத் துறையில் உழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்கப்பட்டவனுக்குப் பெரும்பாலும் நெஞ்சுப் பாரம்தான் குறைகிறது. ‘ஆமாம்’ என்று சொன்னால் அவனைத் தனியாக விடாதீர்கள். அப்போதே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நம் ராஜ்யத்தில் இது சின்ன விஷயம் அல்ல. 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தங்கள் கையாலேயே உயிரை விட்டதாக மத்திய சர்க்காரின் கணக்குச் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே நாம்தான். படிப்பில் முன்னால், ஆஸ்பத்திரிகளில் முன்னால், இதிலுமா முன்னால்?

அந்த எண்ணின் கதையைச் சொல்கிறேன். 2022 அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல தினத்தன்று, மத்திய சர்க்கார் ‘டெலி மானஸ்’ என்ற டெலிபோன் சேவையைத் தொடங்கியது. அதே மாதக் கடைசியில் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அது ஆரம்பமாயிற்று. பெயர் வைத்தவரை நான் பாராட்டுகிறேன். ‘மனநோய்’ என்ற சொல்லையே காணோம், பார்த்தீர்களா! இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். விஷயம் பெரிது என்று தோன்றினால் மனநல டாக்டரிடம் இணைப்பார். அல்லது பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வார். 2024 அக்டோபரில் முகம் பார்த்துப் பேசும் வசதியை மூன்று இடங்களில் முதலில் தொடங்கினார்கள். அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. நைட் ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வரும் பிள்ளைக்கு, விடியற்காலையிலும் ஒரு குரல் கிடைக்கிறது என்பது லேசான காரியம் இல்லை.

★

“எங்கள் பேச்சு புரியுமா?” என்ற கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. தமிழில் பேசுகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் எந்தத் தமிழ்?

நம் தென்பாண்டிச் சீமையில் யாராவது ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘ஒரே வெசனமா இருக்கு’ என்பார்கள். ‘நெஞ்சை அடைக்குது’ என்பார்கள். ‘கை கால் ஓயுது, சோறு தண்ணி இறங்கல’ என்பார்கள். அதற்கு மேல் போனால் ‘கோட்டி பிடிச்சிருச்சு’ என்று ஒரே போடு! கோட்டி என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்! ‘உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘எனக்கு அதெல்லாம் இல்லை, வயிற்றில்தான் ஏதோ செய்கிறது’ என்று பதில் வரும். ராஜபாளையத்து ராஜுக்கள் வீடுகளில் இன்னொரு விசேஷம். கடைவீதியில் தமிழ், அடுப்பங்கரையில் தெலுங்கு. அழுகை எந்த பாஷையில் வரும் என்று நினைக்கிறீர்கள்?

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்து டாக்டர் ஒருவர், டிக்ஸன் சிபாண்டா என்று பெயர், இதற்கு நல்ல வழி கண்டார். ஊரில் உள்ள பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்தார். அங்கே நோய்க்கு வைத்தியப் புத்தகத்துப் பெயர் கிடையாது. ‘அதிகமாக நினைத்துக் கொண்டிருத்தல்’ என்று அந்த ஊர் ஜனங்கள் சொல்லும் சொல்லையே பாட்டிமார் சொல்லுவார்கள். 2016-ல் அதைப் பரிசோதித்து, பலன் இருக்கிறது என்று பெரிய வைத்தியப் பத்திரிகையிலேயே எழுதினார்கள். நம் ஊரில் பாட்டிகளுக்குப் பஞ்சமா? பெஞ்சிக்குத்தான் பஞ்சம்.

★

அம்மாவின் கட்சிக்கு வருகிறேன். குணசீலம் போகலாமா, டாக்டரிடம் போகலாமா?

கோயிலைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் சகாக்களும் 2000-ம் ஆண்டில், நம் கிராமம் ஒன்றில் உள்ள முத்துசாமி கோயிலுக்குக் குணம் வேண்டி வந்து தங்கிய 31 பேரை வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்தார்கள். அங்கே மந்திரமோ தந்திரமோ கிடையாது. குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்க வேண்டும், காலையில் பூஜை, பிறகு வாசல் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். நோயின் வேகம் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்ததாம். ஒருவரும் கடிந்து பேசாத ஓர் இடம், கூடவே ஒரு சொந்தம், கைக்கு ஒரு வேலை! அதன் மகிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் இதே தமிழ்நாட்டில் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்குள்ள தர்காவுக்கு ஆறுதல் தேடி வந்தவர்கள். அடைக்கலம் என்று நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்து விட்டது. உயிரை விட முயன்று பிழைத்தவர்களைக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ‘போலீஸ் கேஸாகிவிடுமோ’ என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. கோயிலுக்குப் போங்கள், ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். காதில் யாரோ பேசுவது போல இருக்கிறது, எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்றெல்லாம் தம்பி சொல்லத் தொடங்கினால், ஒரு மண்டலம் காத்திருப்பது பெரிய நஷ்டம். அந்த நோய்க்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது.

அம்மாவிடம் வாதம் செய்யாமல் பக்குவமாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் நீங்கள், மார்கழி மாதம் திருப்பாவை கேட்காமல் உங்கள் ஊரில் பொழுது விடியாது. முப்பது பாட்டுக்களில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாட்டும் எதற்காக? வெளியே வராமல் படுத்துக் கிடக்கும் தோழிகளின் வாசலில் போய் நின்று எழுப்புவதற்காகத்தானே? இவள் வராவிட்டால் போகட்டும், நாம் நோன்புக்குப் போவோம் என்று ஆண்டாள் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கொஞ்சம் கேலி செய்கிறாள், கொஞ்சம் கெஞ்சுகிறாள், வாசலை விட்டு மட்டும் நகர்வதில்லை. பின் கட்டில் ஒளிந்து கொள்ளும் பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான் என்று அம்மாவுக்குச் சொன்னால் புரியாமல் போகாது.

★

நம் இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலை இருக்கிறது. செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அய்யனார் கோயில் பக்கமெல்லாம் பளியர்கள் வசிக்கிறார்கள். இன்யூட் மக்களின் சமாசாரம் நமக்கு உறைக்க வேண்டுமானால் இங்கேதான் பார்க்க வேண்டும். காடே வீடாக இருந்தவர்கள். தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்தவர்கள். 1988-ல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் வந்தது. 2021-ல் புலிகள் காப்பகம் வந்தது. அணிலும் புலியும் வாழட்டும். கூடவே அங்கே வசிக்கும் மனிதர்களின் மனசையும் யாராவது விசாரிக்க வேண்டாமா?

ஓர் ஆச்சரியமான பொருத்தம் கேளுங்கள். 1962-லிருந்து 1964 வரை பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டு மலைகளில் பளியர்களுடன் பழகி ஆராய்ந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில், 1963-லிருந்து 1965 வரை, ஜீன் பிரிக்ஸ் என்ற பெண்மணி வட துருவத்தில் ஓர் இன்யூட் குடும்பத்தோடு பனி வீட்டில் வசித்தார். ஒருவருக்கொருவர் கலந்து பேசாமலே இருவரும் ஒரே விஷயத்தைக் கண்டார்கள்: இந்த ஜனங்கள் கோபப்படுவதில்லை! பளியர்களிடையே சண்டை மூளும் போலிருந்தால் ஒருவர் எழுந்து பேசாமல் வேறு இடத்துக்குப் போய் விடுவார். பிரிக்ஸ் அம்மையார் தாம் ஒரு முறை கோபித்துக் கொண்டதற்காக, வளர்த்த குடும்பமே பல நாள் தம்மை விலக்கி வைத்ததை எழுதியிருக்கிறார்.

இப்போது பட்டணத்து ஆலோசகர் ஒருவர் டெலிபோனில் ஒரு பளியர் இளைஞனிடம், “மனசில் உள்ள கோபத்தையெல்லாம் கொட்டி விடு! உரக்கச் சொல்லு! எதிர்த்து நில்லு!” என்று புத்தகத்தில் உள்ளபடி புத்தி சொன்னால் என்ன ஆகும்? அவன் போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் விடுவான். அவனுடைய தர்மப்படி அதுதான் மரியாதை. ‘கால் பாதியில் துண்டிக்கப்பட்டது’ என்று இந்தப் பக்கம் எழுதிக் கொள்வார்கள். அவர்கள் தெய்வங்கள் சாமியாடியின் வாயால் பேசுபவை. அதையே வியாதி என்று குறித்துக் கொள்ளாத ஒருவர் எதிர் முனையில் இருக்க வேண்டும். டெலிபோன் போட்டால் போதாது. எடுத்துப் பேசுகிறவருக்கு மலையடிவாரத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

டவரும் வேண்டும். பாறை மேல் ஏறி நின்றால்தான் போன் பேசும் என்கிற இடங்களில் 14416-ஐ வைத்துக் கொண்டு என்ன செய்வது? புதுக்கோட்டை ஜில்லாவில் இதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ப் ஸ்தாபனம், 2010-ல் ஒரு பஸ்ஸையே வைத்திய சாலையாக மாற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் ஏறி உட்காருவார். எதிரே திரையில் சென்னை டாக்டர் பேசுவார். அவர் எழுதிய மருந்து அந்த பஸ்ஸிலேயே கிடைக்கும். மனநோயைப் பற்றிய படங்களையும் கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து ஊர் உலகத்துக் காயமெல்லாம் கட்டுகிற நம் பக்கத்துக்கும் அப்படி ஒரு பஸ் வந்தால் என்ன?

★

இன்னொரு தடை இருக்கிறது. டவரைவிடப் பெரிய தடை. வீட்டுக்கு ஒரே நல்ல போன். அது புருஷன் சட்டைப் பையில் இருக்கும். அல்லது மாமியார் கையில் ‘சீரியல்’ ஓடிக் கொண்டிருக்கும். மருமகள் எந்த மூலையில் போய்ப் பேசுவாள்? ‘யாரிடமடி பேசினாய்?’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லுவாள்? எண்ணை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்த சகோதரிக்கு இது தெரியாததா!

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றும்போது, மாமியாருக்குக் கேட்டாலும் பாதகமில்லாத ஒரு கேள்வியை அவர்கள் கேட்கலாம்: “ராத்திரி உறக்கம் வருதா, தாயி?” மனசின் கதவுக்கு நம் பக்கத்தில் அதைவிடச் சரியான சாவி கிடையாது. உறக்கத்தைப் பற்றிப் பேச யாரும் வெட்கப்படுவதில்லை. அதிலிருந்து ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சகோதரி, நீங்களும் தம்பியிடம் அங்கிருந்தே தொடங்குங்கள். ‘கோட்டி’யும் வேண்டாம், ‘மனநோய்’ என்றும் சொல்ல வேண்டாம். உறக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம் என்று சொன்னால் வருவான். அது பொய்யும் அல்ல. முதலில் நீங்களே 14416-ல் பேசிப் பாருங்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, வீட்டாரும் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் விருதுநகரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைக் காட்டி மில்லில் பகல் ஷிப்டு கேட்கலாம். நைட் ஷிப்டு உறக்கத்தைக் கெடுக்கும் என்பது மில்காரர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். பெண் கொடுப்பார்களா என்ற கவலையைப் பிள்ளை தேறிய பிறகு வைத்துக் கொள்வோம். புறப்படும்போது அவன் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளை, மெடிகல் ஷாப்பில் கேட்டு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக் கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். பிரசாதத்தை அவள் மடியில் கட்டிக் கொண்டு வந்தால் டாக்டர் ஒன்றும் ஆட்சேபிக்க மாட்டார்.